மேட்டில் வாங்கும் மூச்சு

எங்கள் வீடு சாலைக்குக் கீழே இருக்கிறது. ஏற்காட்டிலிருந்து மாரமங்கலம் போகிற பஸ்ஸை விட்டு இறங்கினால், காப்பிச் செடிகளுக்கு நடுவே ஒரு தடம் பள்ளத்தில் இறங்கும். அதன் முடிவில் வீடு. வருவது சுலபம். கடைக்கோ, ஆஸ்பத்திரிக்கோ, இழவுக்கோ கிளம்பினால் முதலில் அந்த மேட்டை ஏறியாக வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதை ஏறினேன். வயிற்றில் பிள்ளையோடு ஏறினேன். பக்கத்துக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்த காலமெல்லாம், பை ஒரு கையில், குடை ஒரு கையில் என்று தினமும் ஏறினேன். மேடு என்று ஒன்று இருப்பதே அப்போது எனக்கு நினைவில் இருந்ததில்லை.

அந்த மேட்டை முதலில் எல்லோருக்கும் காட்டிக்கொடுத்தது என் வீட்டுக்காரருடைய மூச்சுதான். அவர் ஒரு எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டராக இருந்தவர். ஐம்பது தாண்டிச் சில வருடங்களில் அவருக்கு மாரடைப்பு வந்தது. பிழைத்தார். ஆனால் இதயம் பாதி பலத்தோடுதான் வேலை செய்கிறது என்று சேலத்து டாக்டர் சொன்னார். பத்தடி நடந்தால் மூச்சு வாங்கியது. ராத்திரி படுத்தால் வாங்கியது. கால் வீங்கியது.

அதற்குப் பிறகு வீடே அவர் மூச்சைச் சுற்றி நடந்தது. குழம்பில் உப்பு போயிற்று. அவர் குடிக்கிற தண்ணீருக்குத் தனிச் செம்பு. டிவி சத்தம் குறைந்தது. மேட்டின் பாதியில் அவர் உட்கார்வதற்காக என் மகன் ஆள் வைத்து ஒரு சிமென்ட் பெஞ்சு கட்டினான். ஏறும்போது அவர் நின்றால் எல்லோரும் நிற்போம். அவர் மூச்சு அடங்கும் வரை யாரும் பேச மாட்டோம். அவர் "ம், போலாம்" என்று சொன்ன பிறகுதான் நடப்போம். இதில் எனக்கு அப்போது எந்தக் குறையும் இல்லை. மனுசர் பிழைத்து வந்திருக்கிறார், அது போதும் என்றிருந்தேன்.

சேலத்தில் அந்த ஆஸ்பத்திரியிலேயே இதய நோயாளிகளுக்கு ஓர் உடற்பயிற்சி வகுப்பு இருந்தது. டாக்டர் அவரை அதில் சேர்த்துவிட்டார். மகன் காரில் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வந்தான். நகராத சைக்கிளில் உட்கார்ந்து மிதிப்பது, நிதானமாக நடப்பது, கை கால்களைத் தூக்கி இறக்குவது. சில மாதங்களில் அவர் பெஞ்சைத் தொடாமல் மேடு ஏறினார். அன்றைக்கு மேலே போய் நின்றுகொண்டு கீழே இருந்த என்னைக் கூப்பிட்டார்.

"ஏம் புள்ள, பாத்தியா? என்ற நெஞ்சு இன்னும் எளசுதான்."

நான் சிரித்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

எனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஏழெட்டு வருடங்களுக்குப் பிறகு. என்று தொடங்கியது என்று சொல்லத் தெரியவில்லை. அவருக்கு வந்ததைப்போல ஒரு நாளில், வேர்த்துக் கொட்டி, ஊரைக் கூட்டிக்கொண்டு வரவில்லை. முதலில் மேட்டில் பேசிக்கொண்டே ஏற முடியாமல் போயிற்று. பேசினால் நடை நின்றது, நடந்தால் பேச்சு நின்றது. பிறகு நடுவில் ஒரு சில்வர் ஓக் மரத்தில் கை வைத்து நிற்க ஆரம்பித்தேன். யாராவது பார்த்தால், அதில் ஏறியிருக்கிற மிளகுக் கொடியில் காய் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல் அண்ணாந்து நிற்பேன். பெஞ்சு இரண்டு எட்டில்தான் இருந்தது. அதில் உட்கார எனக்கு மனம் வரவில்லை. அது அவருக்காகக் கட்டியது.

உட்கார்ந்திருக்கும்போது எனக்கு ஒன்றும் இல்லை. சமைப்பேன், துவைப்பேன், காப்பி காயவைப்பேன். ஏற்றம் என்று வந்தால் மட்டும் நெஞ்சுக்குள் காற்று பாதி வழியில் நின்றுகொள்ளும். நிறைய மூச்சு விடுவேன். ஒவ்வொன்றும் சின்னதாக இருக்கும். தண்ணீர் தாகத்தில் இருக்கிறவளுக்கு ஸ்பூனில் ஊற்றுகிற மாதிரி.

ஒருநாள் கூடவே ஏறிக்கொண்டிருந்தவரிடம் சொன்னேன். "ஏனுங்க, செத்த நில்லுங்க. எனக்கு மூச்சு வாங்குது."

அவர் நின்றார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "எனக்கு வாங்குறதுதான் மூச்சு. உனக்கு அது வயசு," என்றார். சொல்லிவிட்டு நடந்தார்.

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கேலியாகவும் சொல்லவில்லை. ஒரு விவரத்தைச் சொல்வதுபோல் சொன்னார். என்னைவிட நான்கு வயது மூத்தவர் அவர். வயது எப்படி அவரை விட்டுவிட்டு எனக்கு மட்டும் வந்தது என்று கேட்க எனக்கு அப்போது மூச்சு இல்லை.

மகனிடம் சொன்னேன். அவன் நல்லவன்தான். ஏற்காட்டில் டாக்சி ஓட்டுகிறான். சீசனில் அவனுக்குச் சாப்பிட நேரம் இருக்காது. "அப்பாவக் கூட்டிட்டுப் போறப்ப உன்னையும் காட்டிரலாம்மா," என்றான். காட்டினான். அவருடைய பரிசோதனை எல்லாம் முடிந்து, மாத்திரை எல்லாம் எழுதிக் கொடுத்து முடித்த பிறகு, எழுந்திருக்கிற நேரத்தில், "அம்மாவுக்கும் கொஞ்சம் மூச்சு வாங்குதுன்னு சொல்றாங்க சார்," என்றான். சாமான் வாங்கி முடித்துவிட்டுக் கடைசியில் கொசுறு கேட்பதுபோல.

டாக்டர் பெரியவர், பேர் வாங்கியவர். என்னைக் கட்டிலில் படுக்கச் சொன்னார். ஈசிஜி எடுத்தார்கள். நெஞ்சில் பசை தடவி எக்கோ எடுத்தார்கள். "பம்பிங் நல்லாருக்குதுங்கம்மா. ஹார்ட்ல ஒண்ணும் பிரச்சனை இல்ல. வயசாகுதில்லைங்களா? கொஞ்சம் உடம்பக் குறைங்க. மேடு ஏறாதீங்க," என்றார்.

மேடு ஏறாமல் நான் எப்படி அங்கே வந்தேன் என்று நினைக்கிறார் என்று தெரியவில்லை. "டாக்டர், படுத்திருந்தா எனக்கு ஒண்ணும் இல்லைங்க. நடந்தாத்தானுங்க," என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டே ஒரு சத்து மாத்திரையும், மனசு பதறாமல் இருக்க ஒரு மாத்திரையும் எழுதினார். அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரர் மருமகளிடம் சொன்னதைக் கேட்டேன். "உங்கத்தைக்கு ஒண்ணுமில்லயாமா. பம்பு புதுசாட்டம் ஓடுதாமா." அவர் குரலில் இருந்தது நிம்மதிதான். ஆனால் வேறொன்றும் இருந்தது. அவருடைய இடத்தில் வேறு யாரும் உட்கார வரவில்லை என்கிற நிம்மதி என்று எனக்குப் பட்டது. நான் அப்படி நினைத்தது தப்பு என்று இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.

அந்தப் பதற்ற மாத்திரையைக் கொஞ்ச நாள் போட்டேன். தூக்கம் வந்தது. மேட்டில் மூச்சு வாங்குவதும் நிற்கவில்லை.

அடுத்த வருடம் மழைக்காலத்தில் ஒரு காலை. அவரைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போகிற நாள். கொண்டை ஊசி வளைவு ஒன்றில் மண் சரிந்து கிடந்ததால் அடிவாரத்துப் பாதையை மூடியிருந்தார்கள். குப்பனூர் வழியாகச் சுற்றிப் போக வேண்டும், சீக்கிரம் கிளம்பினால்தான் ஆகும் என்று மகன் அவசரப்படுத்தினான். எல்லோரும் மேலே ஏறி வந்து காரில் உட்கார்ந்தாயிற்று. நான் கடைசியாக வந்து சேர்ந்து, கதவைப் பிடித்துக்கொண்டு இளைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் என் வீட்டுக்காரர் சட்டைப் பையைத் தடவினார்.

"மாத்திரை டப்பா டேபிள் மேலயே கெடக்குது. ஓடிப் போயி எடுத்துட்டு வா புள்ள."

மகன் ஸ்டியரிங்கில் இருந்தான். வண்டி வளைவில் நின்றதால் அவன் இறங்க முடியாது என்று நினைத்துக்கொண்டேன். அவன் அதைச் சொல்லவில்லை. நானாகத்தான் நினைத்துக்கொண்டேன். மருமகள் பேத்தியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப அதற்கு முன்பே போய்விட்டிருந்தாள். நான் இறங்கினேன். தடம் வழுக்கியது. பூட்டைத் திறந்து, டப்பாவை எடுத்து, திரும்ப ஏறினேன். மேலேயிருந்து ஹாரன் அடித்தது. கொஞ்சம் வேகமாக ஏறினேன். மறுபடி ஹாரன்.

பாதியைத் தாண்டியதும் கண்ணுக்குள் பூச்சி பறந்தது. கையை ஊன்ற மரம் எட்டவில்லை. தவழ்ந்துதான் கடைசிக் கொஞ்சத்தை ஏறியிருப்பேன் என்று நினைக்கிறேன். சேலை முழங்கால் வரை சேறு. காருக்குப் பக்கத்தில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். வாயைத் திறந்து திறந்து மூடினேன். மீனைக் கரையில் போட்ட மாதிரி. காற்று சுற்றிலும் இருக்கிறது, மலைக் காற்று, ஊரிலிருந்து ஜனங்கள் பணம் செலவழித்து வந்து இழுத்துவிட்டுப் போகிற காற்று, எனக்குள் போகவில்லை.

கார்க் கண்ணாடி இறங்கியது. என் வீட்டுக்காரர் தலையை வெளியே நீட்டினார்.

"டப்பா கெடைச்சுதா?" என்றார்.

நான் கையைத் தூக்கிக் காட்டினேன். அவர் வாங்கிக்கொண்டார். மகன்தான் இறங்கி வந்து என்னைத் தூக்கி உட்காரவைத்தான். "என்னம்மா இப்புடி ஓடியாற? மெதுவா வரலாமில்ல," என்றான். ஹாரன் அடித்த கை அது.

நாற்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஒருவரோடு வாழ்ந்துவிட்டால் எத்தனையோ பேச்சு மறந்துபோகும். இது மறக்கவில்லை. இதை எழுதும்போதும் அந்தக் கண்ணாடி இறங்குகிற சத்தம் காதில் இருக்கிறது.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓடவில்லை. உடற்பயிற்சிப் பரிசோதனை அறை மாடியில் இருந்தது. அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிதானமாக ஏறினார். நான் ஃபைலோடு பின்னால் ஏறினேன். மேலே அறை வாசலில் இளம் பெண் டாக்டர் ஒருத்தி நின்றிருந்தாள். முப்பது வயது இருக்கும். அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அம்மா, டெஸ்ட் உங்களுக்குங்களா?"

எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை. அவர்தான் சொன்னார். "எனக்குத்தானுங்க டெஸ்ட். இது என்ற சம்சாரம். தொணைக்கு வந்துது."

"மாடி ஏறுனதுல அவங்களுக்குத்தானுங்க ஜாஸ்தி வாங்குது," என்றாள் அவள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னாள். கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தாள். எப்போதிருந்து, எவ்வளவு தூரத்தில், தலையணை எத்தனை வைத்துப் படுக்கிறேன் என்றெல்லாம் கேட்டாள். என் மூச்சு அடங்கும் வரை காத்திருந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்த முதல் ஆள் அவள்தான். எனக்கு அழுகை வந்தது. அதை அடக்கியதில் மறுபடி மூச்சு வாங்கியது.

"பெரிய டாக்டர் எக்கோ பாத்து நல்லாருக்குதுன்னு சொல்லிட்டாருங்க," என்றேன்.

"படுக்க வெச்சுப் பாத்திருப்பாங்க. உங்களுக்கு ஏறும்போதுதான வருது? ஏறும்போது பாக்கோணும். சைக்கிள் மிதிக்க வெச்சுப் பாக்கலாமுங்க."

மகன் உள்ளே வந்தான். விஷயத்தைக் கேட்டான். "இந்த வயசுல அம்மாவ சைக்கிள்ல ஏத்தோணுங்களா மேடம்? ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?" என்றான். பெரிய டாக்டரும் முதலில், "அவங்களுக்கு எதுக்கு?" என்றுதான் கேட்டாராம். அந்தப் பெண் விடாமல் கேட்டு வாங்கினாள். அவளுக்கு என்னிடம் என்ன பட்டது என்று தெரியாது. எந்த உறவும் இல்லை. ஊர்கூட வேறு.

பரிசோதனைக்கு எனக்குக் கொடுத்த நாளில் மகனுக்குச் சவாரி இருந்தது. பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றேன். சேலை கட்டிக்கொண்டு சைக்கிள் மிதிக்க முடியாது, தளர்வான உடை கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். மருமகளிடம் ஒரு சுடிதார் கேட்டேன். அவள் முதலில் சிரித்துவிட்டாள். பிறகு பீரோவிலிருந்து இருப்பதில் பெரியதாக ஒன்றை எடுத்து, இடுப்பு நாடாவை மாற்றிக் கட்டிக் கொடுத்தாள்.

"ஏனுங்கத்தை, நான் கூட வரட்டுங்களா?"

"பாப்பா பள்ளிக்கூடத்துல இருந்து வந்துருவாளே கண்ணு."

"மாமா பாத்துக்குவாங்க."

அதற்கு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நான் தனியாகத்தான் போனேன்.

வாழ்நாளில் சைக்கிள் மிதித்ததில்லை. எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் பெண்பிள்ளைகள் சைக்கிள் தொட்டால் ஏச்சு விழும், மலைப்பாதையில் ஆம்பிளைகளே தள்ளிக்கொண்டுதான் போவார்கள். அறுபத்தொன்பது வயதில் மருமகளின் சுடிதாரைப் போட்டுக்கொண்டு, மூக்கையும் வாயையும் மூடுகிற ரப்பர் முகமூடியோடு, நெஞ்செல்லாம் ஒயர் ஒட்டிக்கொண்டு, எங்கேயும் போகாத சைக்கிளில் ஏறி உட்கார்ந்தேன். கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். பார்க்கச் சகிக்கவில்லை.

"மிதிங்கம்மா. முடியலன்னா கையக் காட்டுங்க," என்றாள் அந்த டாக்டர்.

முதலில் லேசாக இருந்தது. பிறகு மிதி கனத்துக்கொண்டே வந்தது. எங்கள் மேடு மாதிரியே. மூச்சு சின்னதாகி, வேகமாகி, முகமூடிக்குள் புஸ் புஸ்ஸென்று இரைந்தது. தொடை எரிந்தது. நிறுத்தலாம் என்று தோன்றும்போதெல்லாம் கார் கண்ணாடி இறங்கியது நினைவுக்கு வந்தது. இன்னும் கொஞ்சம் மிதித்தேன். இங்கே யாரோ என் மூச்சை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள், இதில் ஒன்றுகூட வீணாகாது என்று ஒரு வெறி. கடைசியில் கையைக் காட்டினேன். உடனே என்னைப் படுக்கவைத்து, மூச்சு அடங்குவதற்குள் மறுபடி எக்கோ எடுத்தார்கள்.

பிறகு அவள் என்னை உட்காரவைத்து விளக்கினாள். என் இதயம் சுருங்குவதில் குறையில்லை, விரிவதில்தான் குறை என்றாள். விறைத்துப் போயிருக்கிறது. சும்மா இருக்கும்போது அது தெரியாது. ஏறும்போது உடம்பு நிறைய ரத்தம் கேட்கும், விரிந்து வாங்கிக்கொள்ள இதயத்தால் ஆகாது, ரத்தம் நுரையீரலில் பின்வாங்கித் தேங்கும். அதனால் இளைப்பு. இதுவும் இதயச் செயலிழப்புதான், வீட்டுக்காரருக்கு இருப்பதன் இன்னொரு வகை, வயதான பெண்களுக்கு அதிகம் வருவது என்றாள்.

"அப்ப வயசு இல்லைங்களா?" என்றேன். குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"வயசும்தானுங்கம்மா," என்றாள். "வயசானா நெஞ்சுக்கூடு இறுகிப் போயிரும். ஆழமா இழுக்க முடியாது. அதனால நெறைய தடவ, கொஞ்சங் கொஞ்சமா இழுப்பீங்க. சின்ன மூச்சுல பாதி தொண்டையிலயே நின்னு வீணாப் போயிரும். காலுல சதையும் கொறஞ்சிருக்கும். அய்யாவுக்கு நோய் வந்தப்ப அம்பத்தி சொச்சம். நெஞ்சு கெட்டாலும் நொரையீரலும் காலும் தாங்குச்சு. உங்களுக்குத் தாங்க ஆள் இல்ல."

"இதுல எது நோவு, எது வயசுங்க? எவ்வளவு எவ்வளவு?"

"பிரிச்சுச் சொல்ல முடியாதுங்கம்மா. ரெண்டும் பின்னிக் கெடக்குது."

நோய்க்கு மாத்திரை தந்தாள். சர்க்கரை இல்லாத எனக்குச் சர்க்கரைக்காரர்களுக்குத் தருகிற மாத்திரை ஒன்று, அது நெஞ்சுக்கும் ஆகுமாம்; நீர் பிரிய ஒன்று. பயிற்சி வகுப்பில் சேரச் சொன்னாள். வயதுக்கு அவளிடம் எதுவும் இல்லை. நான் கேட்கவும் இல்லை.

வீட்டில் சொன்னேன். மகன் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஒரே ஊட்டுல ரெண்டு பேருக்குமா?" என்றான். என் வீட்டுக்காரர் காகிதத்தை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, அவருக்குத் தெரிந்த எண்ணைத் தேடினார். கண்டுபிடித்தார்.

"பம்பிங் நல்லாத்தான போட்டிருக்குது. என்றது இதுல பாதிதான்," என்றார். காகிதத்தை என்னிடம் நீட்டினார். "அந்தப் புள்ள சின்னப் புள்ள. பெரிய டாக்டரு சொல்லட்டும்."

காகிதத்தை மடித்து என் பையில் வைத்தேன். அன்று முதல் அவருடைய மாத்திரை டப்பாவை நான் எடுத்துக் கொடுப்பதில்லை. சண்டை போட்டு நிறுத்தவில்லை. எடுத்துக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். சில நாள் பார்த்தார். பிறகு தானே எடுத்துக்கொண்டார்.

பயிற்சிக்கு அவர் காரில் போனார். நான் பஸ்ஸில் போகிறேன். வாரம் இரண்டு நாள். நீர் மாத்திரையை விடிந்ததும் போட்டால் வளைவுகளில் அடிவயிறு முட்டும், பஸ்ஸை எங்கே நிறுத்தச் சொல்வது? அதனால் பஸ் நாளில் அதைத் திரும்பி வந்துதான் போடுகிறேன். இதை அந்த டாக்டரிடம் சொன்னபோது, "எங்க படிப்புல இது வரவே இல்லைங்கம்மா," என்றாள். வகுப்பில் பெரும்பாலும் ஆம்பிளைகள், என்னைவிட இளையவர்கள். மனைவிமார் வெளியே பெஞ்சில் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் சிலர் மாடி ஏறி வந்து மூச்சு வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். நீங்களும் டாக்டரிடம் காட்டிக்கொள்ளுங்கள் என்று ஒருத்தியிடம் சொன்னேன். "எனக்கென்னுங்க, வயசாச்சு," என்று சிரித்தாள்.

கொஞ்சம் தேறினேன். பொய் சொல்லக் கூடாது. மேட்டை இரண்டு இடத்தில் நின்று ஏறுகிறேன். பெஞ்சில் உட்காருகிறேன், யார் பார்த்தாலும். வயிற்றிலிருந்து மூச்சு இழுக்கச் சொல்லிக் கொடுத்தார்கள், சில நேரம் வருகிறது. ஆனால் என் வீட்டுக்காரர் அந்த வயதில் தேறியதுபோல் இல்லை. மேலே நின்று யாரையும் கூப்பிடுகிற மாதிரி இல்லை.

சென்ற கோடையில் அவருக்கும் இளைப்பு கூடியது. எக்கோவில் அவருடைய எண் குறையவில்லை, கொஞ்சம் ஏறிக்கூட இருந்தது. பெரிய டாக்டர், "ஹார்ட் அப்படியேதாங்க இருக்குது. எழுபத்தஞ்சு ஆகப்போகுதே, வயசுங்க," என்று சொல்லி அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து, "வயசாமா," என்றார், யாருக்கோ சொல்வதுபோல. பிறகு என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தார். ஆறுதலாக, இல்லாவிட்டால் குத்தலாக. என்னிடம் இரண்டும் இருந்தன. குத்தல் முன்னால் நின்றது. நான் சாதம் வடிக்கப் போனேன். அந்தப் பெண் டாக்டரிடம் ஒருமுறை காட்டுங்கள் என்று அவரிடமே சொல்லியிருக்கலாம். மகனிடம் மட்டும் சொன்னேன். அவன் கூட்டிப்போகவில்லை, அவரும் கேட்கவில்லை. சின்னப் புள்ள என்று அவர் ஏற்கெனவே சொல்லிவிட்டாரே.

இப்போது அவளும் இல்லை. கோயம்புத்தூருக்கு வேலை மாறிப் போய்விட்டாள். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "விட்றாதீங்கம்மா," என்றாள். அவள் இடத்துக்கு வந்திருப்பவர் ஒரு பயிற்சியாளர், நல்ல மாதிரி, எல்லோரிடமும் பணிவாகப் பேசுகிறார். போன வாரம் நான் சைக்கிளில் ஏறியதும் மிதி பஞ்சாக இருந்தது. காலை வைத்தால் தானாகச் சுற்றியது.

"கொறச்சு வெச்சுட்டீங்களாட்ட இருக்குதுங்க," என்றேன்.

"ஆமாங்க பாட்டி. கார்டுல வயசப் பாத்தேன். உங்களுக்கு இது போதுமுங்க."

"நான் இதவிடக் கனமா மிதிக்கிறவங்க. முன்னால இருந்த டாக்டரம்மா எழுதி வெச்சிருக்காங்க, பாருங்க."

"எதுக்குங்க ரிஸ்க்கு? டாக்டரக் கேட்டுட்டு அடுத்த வாரம் பாக்கலாமுங்க."

வாதாடலாம். வாதாடினால் மூச்சு வாங்கும், மூச்சு வாங்குவதைப் பார்த்தால் இன்னும் குறைப்பார். கொடுத்த நேரம் முழுக்க அந்தப் பஞ்சை மிதித்தேன். வேர்க்கவே இல்லை. பக்கத்துச் சைக்கிளில் இருந்த நாற்பது வயதுக்காரருக்கு வேர்த்துக் கொட்டியது, அவருடைய மனைவி துண்டோடு வந்து துடைத்துவிட்டாள். நான் இறங்கி, சேலையை மாற்றிக்கொண்டு, ஏற்காட்டுப் பஸ்ஸுக்கு நின்றேன். பஸ் நிறைய டூரிஸ்ட் கூட்டம், உட்கார இடமில்லை. அடிவாரம் வரை நின்றுகொண்டுதான் வந்தேன். அதற்கு மேலே மலையில் ஏறும்போதும் யாரும் எழுந்து இடம் தரவில்லை.